கடுங்காப்பி கொடுத்த வீடு

மேலகரம்,
ஆடி மாதம், வியாழக்கிழமை.

அன்புள்ள மகள் உமாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை முத்துகுமரனும் பேரன் குமரகுருவும் அந்த வெயிலிலும் வாடாமல் இருக்க வேண்டும் என்று காசி விசுவநாதரைக் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்பது வழக்கம். அந்த வழக்கத்தில் பாதியைத்தான் இன்றைக்குக் காப்பாற்ற முடியும். நான் சுகம். அம்மாவைப் பற்றிய செய்தியைக் கடைசியில் எழுதலாம் என்று பார்த்தேன், ஆனால் நீ எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறவள், ஆகையால் முதலிலேயே எழுதிவிடுகிறேன். உட்கார்ந்துகொண்டு படி. அம்மாவுக்கு இடது மார்பில் ஒரு கட்டி இருக்கிறது. அது நல்லதா கெட்டதா என்று இன்னும் தெரியாது. தெரிந்துகொள்ள ஊசி குத்திக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு வர மாட்டேன் என்கிறாள் அம்மா. பாலை நிறுத்தியாகிவிட்டதாம், கட்டி தானே கரைந்துவிடுமாம். அவள் மனதை மாற்ற ஒரே ஒரு ஆளால்தான் முடியும், அந்த ஆள் நான் இல்லை, நீ. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லாமல் இதென்ன பழைய காலத்துப் பழக்கம் என்று நினைப்பாய். இந்த வீட்டில் உன்னோடு பேசுகிற போன் அம்மாவின் கையில் இருக்கிறது, நான் பேசும்போதும் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் இருக்கிறாள். என் போனிலிருந்து தனியாகப் பேசலாம் என்றால், நான் மாடிக்குப் போனாலே என்ன ரகசியம் என்று பின்னால் வருகிறாள். பக்கத்து வீட்டு அப்துல் மஜீது பாயின் மகன் ஹுஸைஃபா லீவு முடிந்து அபுதாபிக்குத் திரும்புகிறான். அம்மா அவனிடம் உனக்கு ஒரு பெரிய பொட்டலம் கொடுத்துவிடுகிறாள். இந்தக் கடிதம் பொட்டலத்தில் இல்லை, அவன் கையில் தனியாகக் கொடுக்கிறேன். பொட்டலத்தில் வடகம், எள்ளுப்பொடி, நல்லெண்ணெயில் செய்த அதிரசம் எல்லாம் இருக்கும். நெய்யில் செய்த எதுவும் இருக்காது. நெய்யும் இந்த வீட்டை விட்டுப் போய் மாதங்கள் ஆகின்றன.

எப்படி ஆரம்பித்தது என்பது உனக்கே தெரியும், நீ தெரியாமல் செய்தது என்பதும் எனக்குத் தெரியும். பேரனுக்குப் பால் ஒத்துக்கொள்ளாமல் முகமெல்லாம் தடித்துப்போய், அங்கே டாக்டர் பாலை நிறுத்தச் சொன்ன நாளிலிருந்து நீ பாலுக்கு எதிர்க்கட்சி ஆகிவிட்டாய். பிள்ளையைப் பெற்றவள் அப்படித்தான் ஆவாள், அதில் குற்றமில்லை. மாட்டுப்பால் கன்றுக்குட்டிக்குத்தான் படைக்கப்பட்டது என்று ஒரு வீடியோ அனுப்பினாய், அம்மா அதை இரண்டு முறை பார்த்தாள். அப்புறம் அது தானாகவே அடுத்தடுத்த வீடியோக்களைக் கொண்டுவந்து கொட்டியது. வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள், போடாதவர்கள், காவி கட்டியவர்கள், தாடி வளர்த்தவர்கள் என்று எல்லாரும் வந்து பாலைத் திட்டினார்கள். மாசி மாதம் ஒரு நாள் போனில் அம்மா உன்னிடம் பேச்சோடு பேச்சாக, ஏட்டி உமா, பாலு குடிச்சா கட்டி கிட்டி வருமாம்லா, நெசமா என்று கேட்டாள். நீயும் ஆமாம்மா, நிறுத்திரு, நல்லதுதான் என்று சொன்னாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் ஏதோ பொது அறிவுக்காகக் கேட்கிறாள் என்று நீயும் நினைத்தாய், நானும் நினைத்தேன். அவள் உன்னிடம் வைத்தியம் கேட்டிருக்கிறாள், உமா. அப்போதே அவள் கைக்கு அது தட்டுப்பட்டிருக்கிறது. அடுத்த நாள் காலையில் பாலை நிறுத்தினாள்.

நிறுத்தியது எங்களுக்கெல்லாம் ஒரு நாகரிகமாகத்தான் தெரிந்தது. பால் ஊற்றுகிற நம்பிராஜன் வாசலில் நின்று கெஞ்சியதை நீ பார்த்திருக்க வேண்டும். ஆச்சி, பால்ல தண்ணி கலந்தேன்னு சொல்லி நிறுத்துங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்கிட மாட்டேன், வெசம்னு சொல்லி நிறுத்தாதீங்க, மத்த வீட்டுக்கெல்லாம் நான் ஊத்தணும்லா என்றான். நியாயமான பேச்சு. ஆனால் திங்கட்கிழமை தோறும் தென்காசிக் கோயிலில் சாமிக்கு அபிஷேகத்துக்குக் கொடுக்கிற செம்புப் பால் மட்டும் நிற்கவில்லை. சாமிக்கு ஒன்றும் ஆகாதா என்று கேட்டேன். அவருக்கு மேலதான ஊத்துதாவ, உள்ளயா போகுது என்று பதில் வந்தது. இத்தனை வருசம் பால் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்த எனக்கு இதற்கு மேல் வாதாடத் தெரியவில்லை.

அந்த வேலைதான் இப்போது எனக்கு வினையாக வந்திருக்கிறது. பாலைப் பற்றி நான் என்ன சொன்னாலும் இந்த வீட்டில் எடுபடாது. சங்கத்துல சம்பளம் வாங்கித் தின்ன மனுசன் பாலைக் குறை சொல்லுவாரா என்கிறாள். நான் வாழ்நாளெல்லாம் லாக்டோமீட்டரை வைத்துப் பாலில் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்தவன், விஷம் எவ்வளவு என்று பார்க்க எனக்கு யாரும் கருவி தரவில்லை. அதனால் தென்காசி நூலகத்திலும் கம்ப்யூட்டரிலுமாக உட்கார்ந்து கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஒரு ஆராய்ச்சி பால் குடிக்கிறவர்களுக்கு இன்ன நோய் கொஞ்சம் கூடுகிறது என்கிறது, இன்னொன்று அதே பால் வேறொரு நோயைக் குறைக்கிறது என்கிறது, மூன்றாவது ஒன்று இரண்டும் உறுதியாகத் தெரியவில்லை, மேலும் ஆராய வேண்டும் என்று முடிகிறது. எலும்புக்கு நல்லது என்று படித்து முடிப்பதற்குள் எலும்புக்கும் பெரிதாக ஒன்றுமில்லை என்று அடுத்த பக்கத்தில் வருகிறது. ஒன்றில் பால் குடிப்பவர்கள் சீக்கிரம் சாகிறார்கள், மற்றொன்றில் குடிக்காதவர்கள். எல்லாரும் சாகிறார்கள் என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், இருக்கிற கட்டி பாலை நிறுத்தியதால் கரைந்தது என்று ஒழுங்கான எந்த ஆராய்ச்சியிலும் நான் பார்க்கவில்லை. தேடிப் பார்த்தேன். இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதி.

எங்கள் காலை நடைக் கூட்டத்திலும் இதே வழக்குத்தான். குற்றாலம் ரோட்டில் நடக்கிற ஓய்வு பெற்றவர்கள் இப்போது மூன்று கட்சி. பால் அமிர்தம் என்று ஒரு கட்சி, பால் விஷம் என்று ஒரு கட்சி, நாட்டு மாட்டுப் பால் அமிர்தம் மற்றதெல்லாம் விஷம் என்று ஒரு கூட்டணி. மூன்று கட்சியும் நடை முடிந்ததும் ஒரே டீக்கடையில் பால் போட்ட டீ குடித்துவிட்டுக் கலைகின்றன. மஜீது பாய் மட்டும், அண்ணாச்சி, எங்க வாப்பா ஒட்டகப் பாலு குடிச்ச ஊர்ல கெடந்து பாடுபட்டு வந்தாரு, அவரு மௌத்தானது லாரி மோதி, எந்தப் பால்ல சேக்கணும்னு சொல்லுங்க என்று கேட்டுவிட்டுத் தனியாக நடக்கிறார்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். குத்துக்கல்வலசை விஜயசங்கர், நம் தாயாதி, அவன் மகள் ஸ்ரீமதிக்கு ஆவணியில் கல்யாணம். புருஷனும் பெண்டாட்டியுமாகப் பத்திரிகையும் தாம்பாளமுமாக வந்தார்கள். வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்காமல் அனுப்புகிற வீடு இல்லை இது, அம்மா உள்ளே போய் இரண்டு டம்ளரில் கடுங்காப்பி கொண்டுவந்து நீட்டினாள். உனக்கு நினைவிருக்கும், நம் பக்கத்தில் பாலில்லாத காப்பியை வந்தவர்களுக்குக் கொடுப்பது சாவு விழுந்த துட்டி வீட்டில் மட்டும்தான். அடுப்புப் பற்றவைக்காத வீட்டுக்கு, பக்கத்து வீட்டார் தூக்குச் சட்டியில் கொண்டுவந்து துக்கம் கேட்க வந்தவர்களுக்கு ஊற்றுவார்களே, அந்தக் காப்பி. விஜயசங்கர் டம்ளரைப் பார்த்தான், அவன் பெண்டாட்டி அவனைப் பார்த்தாள். அந்த நேரம் நான் வீட்டில் இல்லை, கடைக்குப் போயிருந்தேன். நான் இல்லாததும் அவர்களுக்கு ஒரு சாட்சியாகப் போயிற்று. அம்மா வேறு சமீப காலமாக இளைத்து முகம் வாடி இருக்கிறாள். என்ன ஏது என்று கேட்க நாக்கு வரவில்லையாம். துட்டி வீட்டில் கல்யாணப் பத்திரிகை வைக்கக் கூடாது என்று, வைத்த பத்திரிகையைப் பேச்சோடு பேச்சாகத் திரும்ப எடுத்துத் தாம்பாளத்தில் போட்டுக்கொண்டு, போயிட்டு வாரோம் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டார்கள். துட்டி வீட்டில் அதையும் சொல்லக் கூடாது அல்லவா. பிள்ளைகளுக்கு மரியாதை தெரியல என்று அம்மா அன்றைக்கெல்லாம் குறைபட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் மரியாதை தெரிந்துதான் செய்திருக்கிறார்கள்.

அவர்கள் மறுநாள் திங்கட்கிழமை காலை சுரண்டைக்குப் போய் உன் அத்தை வீட்டில் பத்திரிகை வைத்திருக்கிறார்கள். வைத்துவிட்டு, அக்கா, மேலகரத்துல கடுங்காப்பி தந்தாவ, அண்ணாச்சியக் காணல, ஒங்களுக்குத் தெரியாம இருக்காதுன்னு நினைச்சோம் என்று இழுத்திருக்கிறான் விஜயசங்கர். அத்தை எனக்குப் போன் போட்டிருக்கிறாள். நான் குற்றாலம் மெயினருவியில் குளித்துக்கொண்டிருந்தேன், போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. அம்மாவுக்குப் போட்டிருக்கிறாள், அம்மா திங்கட்கிழமைப் பாலோடு கோயிலுக்குப் போயிருந்தாள், அவள் போனும் வீட்டில். இரண்டு போனும் அடித்து அடித்து ஓய்ந்ததும் அத்தைக்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை. தம்பி போய்விட்டான், கூடப் பிறந்தவளுக்குச் சொல்லக்கூட ஆளில்லாமல் போய்விட்டான் என்று முடிவு செய்து, மாமாவையும் நாலு பெண்டுகளையும் ஏற்றிக்கொண்டு கார் பிடித்துப் புறப்பட்டுவிட்டாள். மாமா வருகிற வழியில் தென்காசிக் கடைத்தெருவில் ஒரு ரோஜா மாலையும் வாங்கியிருக்கிறார். எனக்கு.

அம்மா கோயிலிலிருந்து காலிச் செம்போடு வந்து கதவைத் திறக்கவும் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்திருக்கிறது. தெருமுனையிலேயே அத்தை ஆரம்பித்துவிட்டாள். கூடப் பொறந்தவனே, எனக்கு முந்திப் போயிட்டியே ராசா என்று மாரில் அடித்துக்கொண்டு வந்தவள், தலையில் பூவும் நெற்றியில் குங்குமமுமாக அம்மா நிற்பதைக் கண்டதும், பூவும் பொட்டுமா நிக்கியே தாயி, ஒன்னைய இந்தக் கோலத்துல இன்னைக்குத்தான கடைசியாப் பாக்கேன் என்று இன்னும் சத்தத்தைக் கூட்டி ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். யார் போனது என்று தெரியாமல் அம்மாவும் அழத் தொடங்கியிருக்கிறாள். அது நம் பெண்களுக்குத் தானாக வருகிறது, ஆள் பெயர் பிறகு கேட்டுக்கொள்ளலாம். துட்டிக்கு வந்தவள் கட்டிக்கொள்கிற பிடி உனக்குத் தெரியும், நெஞ்சோடு நெஞ்சு நெருக்குகிற பிடி. அந்தப் பிடியில் உன் அம்மா வலி தாங்காமல் ஐயோ என்று கத்திவிட்டாள். அது அழுகைச் சத்தம் இல்லை. ஒப்பாரி பாதியில் நின்றது. வந்த பெண்களும் நிறுத்திவிட்டார்கள்.

நான் அப்போதுதான் ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மாமா வராந்தாவில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், அப்புறம் மாலையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். நான் உள்ளே போனேன். செத்தவன் உயிரோடு வீட்டுக்குள் வந்தால் ஒரு ஆரவாரம் இருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். ஒன்றும் இல்லை. அத்தை ஒரு கையால் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை அம்மாவின் சேலை மேல் வைத்தபடி, என்னட்டி இது, என்னட்டி இது என்று தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா ஒண்ணுமில்ல மைனி, ஒண்ணுமில்ல மைனி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சாகவில்லை என்பது அந்த நேரத்தில் அவளுக்கு ஒரு செய்தியாகவே படவில்லை. ஏலே, இங்க வா, இவ எத்தனை நாளா என்னத்த மறைச்சு வச்சிருக்கான்னு ஒனக்குத் தெரியுமாலே என்றாள். எனக்குத் தெரியாது. தினமும் அவள் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்திருக்கிறேன், எனக்குத் தெரியாது.

மாலை என்ன ஆயிற்று என்று கேட்பாய். தெருமுனைப் பிள்ளையாருக்குப் போட்டார்கள். சாவுக்கு வாங்கின மாலை சாமிக்கு ஆகுமா என்று ஒரு கேள்வி வந்தது, சாக வேண்டியவன் சாகாததால் அது சாவுமாலை ஆகாது என்று மாமா தீர்ப்புச் சொல்லிவிட்டார். அன்றைக்கு வந்த எல்லாருக்கும் அம்மா மறுபடியும் கடுங்காப்பிதான் போட்டாள். எல்லாரும் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்கள்.

அத்தை ஒரு வாரம் இங்கேயே இருந்து, பிடித்த பிடியில் அம்மாவைத் தென்காசிக்கு டாக்டர் ஷமீம் பானுவிடம் கூட்டிக்கொண்டு போனாள். நல்ல டாக்டர், நிதானமானவர். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் சொன்னது இதுதான், வலிக்கிற கட்டி எல்லாம் கெட்ட கட்டி இல்லை, நிறையப் பேருக்குச் சாதாரணமாகவே முடிகிறது, ஆனால் ஸ்கேனில் இதன் ஓரம் எனக்குத் திருப்தியாக இல்லை, சதை எடுத்துப் பார்க்காமல் நான் ஒன்றும் சொல்ல முடியாது, தள்ளிப்போட வேண்டாம். தெளிவாகத்தான் சொன்னார். அம்மா பாலைப் பற்றிக் கேட்டாள். பாலுக்கும் இதுக்கும் இப்ப சம்பந்தமில்லம்மா, குடிச்சாலும் சரி குடிக்காட்டாலும் சரி, டெஸ்ட் எடுக்கணும் என்றார். துரதிர்ஷ்டம் என்னவென்றால் அந்த நேரம் பார்த்து நர்ஸ் டாக்டருக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். பால் டீ. டாக்டர் பேசிக்கொண்டே குடித்தார். வெளியே வந்ததும் அம்மா என்னிடம் சொன்னது, அந்தம்மாவே வெசத்தக் குடிச்சிட்டு இருக்காவ, அவுக எனக்கு என்ன சொல்லுதது. இப்படியாக ஒரு டம்ளர் டீயில் அந்த டாக்டரின் படிப்பெல்லாம் கரைந்துபோனது.

இப்போது அவள் பிடிவாதம் இரண்டு காலில் நிற்கிறது. ஊசி குத்தினால் கட்டி கலைந்து உடம்பெல்லாம் பரவிவிடும் என்பது ஒன்று. அப்படி இல்லை என்று டாக்டர் படம் போட்டுக் காட்டியும் ஏறவில்லை, சாம்பவர் வடகரையில் யாருக்கோ அப்படி ஆயிற்றாம். ஊசி குத்துவதற்கு முன்னாலேயே அந்த அம்மாளுக்கு முற்றியிருக்கும் என்று சொன்னால், நீங்க பாத்தீங்களாக்கும் என்கிறாள். இரண்டாவது, பாலை நிறுத்தியதிலிருந்து கட்டி சின்னதாகிக்கொண்டு வருகிறது என்பது. டாக்டர் கைவைத்துப் பார்த்து அப்படியேதான் இருக்கிறது என்கிறார். பாலும் மோரும் நெய்யும் இல்லாமல், அதற்குப் பதிலாக வேறொன்றும் ஒழுங்காகச் சாப்பிடாமல், அவள் உடம்புதான் வற்றிவிட்டது. வளையல் முழங்கைக்கு ஏறி இறங்குகிறது. கட்டி குறையவில்லை உமா, அவள்தான் குறைந்துகொண்டு வருகிறாள். உடம்பு வற்ற வற்றக் கட்டி எடுப்பாகத்தான் தெரியும் என்று எனக்குத் தோன்றுகிறது, அதைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. ஸ்ரீமதி கல்யாணம் முடியட்டும் என்றாள், அப்புறம் புரட்டாசி முடியட்டும் என்றாள், நேற்று தீபாவளி வரைக்கும் போய்விட்டாள். நம் பஞ்சாங்கத்தில் ஒத்திப்போடுவதற்கு நாளா பஞ்சம்.

நான் ஒரு உடன்படிக்கைக்கும் போய்ப் பார்த்தேன். நீ ஊசிக்கு வா, நான் சாகிற வரை பால் தொட மாட்டேன், கடுங்காப்பியே குடிக்கிறேன் என்றேன். உங்களுக்கு என்ன, பஸ் ஸ்டாப் கடையில போயிக் குடிச்சிட்டு வருவீக என்றாள். அவள் சொன்னது பொய்யில்லை, அன்றைக்குக் காலையிலும் குடித்திருந்தேன், மீசையில் பாலாடை ஒட்டியிருந்தது என்று அவளே துண்டால் துடைத்துவிட்டாள். அத்தை தன் பங்குக்குத் திட்டிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், எனக்கு ஒன்னையச் சீராட்ட வயசில்லட்டி என்று கடைசியில் கோபித்துக்கொண்டு சுரண்டைக்குப் பஸ் ஏறிவிட்டாள். தினமும் போன் செய்கிறாள். இப்போது முதல் அடிப்பிலேயே எடுத்துவிடுகிறோம்.

அதனால்தான் உன்னிடம் வருகிறேன். டாக்டர் சொன்னால் டாக்டர் டீ குடிக்கிறார், நான் சொன்னால் நான் பால் சங்கம், அத்தை சொன்னால் அத்தைக்கு விஷயம் தெரியாது. இந்த வழக்கில் அவள் ஒப்புக்கொள்கிற சாட்சி நீ ஒருத்தி. நீ சொல்லித்தான் நிறுத்தினாள், பிள்ளை படிச்சவ, காரணமில்லாமச் சொல்ல மாட்டா என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். இதைப் படித்ததும் உனக்கு என்ன தோன்றும் என்று தெரியும். அதை மனதில் ஏற்றிக்கொள்ளாதே. உன்னால் கட்டி வரவில்லை, உன் வீடியோவால் வரவில்லை. நீ சொல்லாவிட்டாலும் வேறு யாராவது ஒரு தாடிக்காரன் சொல்லியிருப்பான், அவன் உண்ணாவிரதம் இருக்கச் சொல்லியிருந்தால் அதையும் செய்திருப்பாள். உன்னை நம்பி நிறுத்தினாள் என்பதால்தான் உன்னை நம்பி ஊசிக்கும் வருவாள் என்று எனக்கு ஒரு ஆசை. அழுதுகொண்டு போன் செய்யாதே, மன்னிப்புக் கேட்காதே. நீ அழுதால் அவள் உன்னைத் தேற்றுகிற வேலையை எடுத்துக்கொள்வாள், தன் வேலை மறந்துவிடும். பால் நல்லது என்றும் சொல்லாதே, உன்னையும் நான் விலைக்கு வாங்கிவிட்டேன் என்பாள். பாலை நிறுத்தினது நல்லதும்மா, அது பாட்டுக்கு நிற்கட்டும், இதையும் பார்த்துவிடு என்று சொல்லு. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதம் இல்லை என்பதைத்தான் இங்கே யாராலும் அவளுக்குச் சொல்ல முடியவில்லை. பாலைப் பற்றிய வழக்கில் நான் தோற்றுப்போனதாகவே இருக்கட்டும், எனக்கு அதில் வருத்தமில்லை. பிழைத்துக் கிடந்தால் அப்புறம் வாதாடிக்கொள்கிறேன்.

டாக்டரிடம் அடுத்த புதன்கிழமைக்கு நேரம் கேட்டு வைத்திருக்கிறேன். அம்மாவிடம் சொல்லவில்லை. ஹுஸைஃபா சனிக்கிழமை உன்னிடம் சேர்த்துவிடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறான், நீ ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுப் பேசினால் சரியாக இருக்கும். மாப்பிள்ளையையும் இரண்டு வார்த்தை பேசச் சொல், மாப்பிள்ளை சொன்னால் அவளுக்கு ஒரு மரியாதை உண்டு. டிக்கெட் எடுத்துக்கொண்டு உடனே ஓடி வராதே. நீ சொல்லாமல் வந்து நின்றால், எல்லாம் முடிந்துவிட்டதென்று நினைத்து இன்னும் பயந்துவிடுவாள். ஊசி முடிந்து முடிவு வரட்டும், அதைப் பார்த்துக்கொண்டு நான் சொல்கிறேன், அப்போது வா.

ஒன்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்துகிறேன். நம் பக்கத்தில் வீடு கட்டினால் பால் காய்ச்சுகிறோம், பெண் புகுந்த வீட்டுக்கு வந்தால் பாலும் பழமும் கொடுக்கிறோம், கடைசியில் போகிறவர்கள் வாயிலும் பால்தான் ஊற்றுகிறோம். அந்தப் பாலை வேண்டாம் என்று சொல்ல யாராலும் முடியாது, அவர்களை யாரும் கேட்பதும் இல்லை. எனக்கு அவள் ஊற்றுவாள் என்றுதான் இத்தனை நாள் நான் கணக்குப் போட்டிருந்தேன். வரிசை மாறக் கூடாது, உமா. அவ்வளவுதான் எனக்குப் பயம். மற்றபடி அவள் ஆயுசுக்கும் கடுங்காப்பி போட்டுக் கொடுக்கட்டும், ஊர் முழுக்கத் துட்டி கேட்க வரட்டும், நான் வாசலில் நின்று வாங்க என்று கூப்பிடுகிறேன்.

பேரனுக்கு வெயிலில் விளையாட்டு வேண்டாம். அவன் முகத்துத் தடிப்பு இறங்கிவிட்டதா என்று எழுது, அவனுக்குப் பால் ஆகாது என்பதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை, அது டாக்டர் சோதித்துப் பார்த்துச் சொன்னது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. வேலை வேலை என்று உன் உடம்பை விட்டுவிடாதே, நீயும் வருசத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் காட்டிக்கொள், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். குற்றாலநாதரும் குழல்வாய்மொழி அம்மையும் உங்கள் மூவருக்கும் துணையிருக்கட்டும், நோயில்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, மறந்துவிடாதே. படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா,
வல்லிநாயகம்

பின்குறிப்பு: உறையில் போடப் போகும்போது அம்மா காப்பியோடு வந்து நின்றாள். யாருக்கு என்று கேட்டாள். மறைக்க நேரமில்லை, உனக்கு என்றேன். பிள்ளைக்குப் பாலு கொடுத்திர வேண்டாம்னு எழுதுங்க என்றாள். எழுதியாயிற்று என்றேன். என்னையப் பத்தி ஒண்ணும் எழுதிராதீங்க என்று சொல்லிவிட்டு அடுக்களை வரை போனவள், நிலையைப் பிடித்துக்கொண்டு திரும்பி, எழுதிட்டீகன்னா, அம்மா பயப்படலன்னு எழுதுங்க என்றாள். எழுதிவிட்டேன். அதை மட்டும் நீ நம்பாதே.